துணி தைத்த லட்சுமி: பழைய விளம்பரப் படங்களைச் சேர்க்க ஒரு சின்னப் பாடம்

ஃபைனல் இயர் வந்துட்டா நம்ம இதழ்ல பிளேஸ்மெண்ட் அனுபவம் எழுதணும்னு ஒரு வழக்கம் இருக்கு. என்கிட்டயும் அதைத்தான் கேட்டாங்க. ஆனா இந்த வருஷம் நான் உருப்படியா கத்துக்கிட்டது இன்டர்வியூ ஹால்ல இல்ல, எங்க அம்மாச்சி வீட்டு சாமி ரூம்ல. அதனால அதையே எழுதுறேன். நான் எல்.கே.ஜி-ல இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பிழை இருந்தா என்னை மன்னிச்சுட்டு, திருத்தாம விட்ட எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க.

முதல்ல நான் பண்ண தப்பு

திருவையாறு பக்கத்துல ஒரு கிராமத்துலதான் அம்மாச்சி வீடு. நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. மழைக்கு ஒரு பக்கம் இறங்கிட்டதால, போன மே மாசம் பிரிச்சுட்டு மாடி வீடு கட்டலாம்னு மாமா முடிவு பண்ணார். கூடத்துச் சுவரில் உயரத்துல ஒன்பது படங்கள் முன்பக்கம் சாய்ஞ்ச மாதிரி மாட்டியிருக்கும். எல்லாம் கண்ணாடி போட்ட சாமி படங்கள், கரும்பழுப்பு மரச் சட்டம். பழைய சாமான் வாங்குற வியாபாரி ஒருத்தர் வந்தார். ஒன்பதுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய் கொடுத்து, மினி லாரியில ஏத்திட்டுப் போயிட்டார். எனக்கு அப்ப செமஸ்டர் எக்ஸாம். நான் ஊருக்குப் போனப்ப சுவரில் ஒன்பது வெள்ளைச் சதுரங்கள்தான் இருந்துச்சு.

பத்தாவது படம் சாமி ரூம்ல இருந்த லட்சுமி. அதை மட்டும் அம்மாச்சி கொடுக்க விடல. அந்தப் படத்துல லட்சுமி கட்டியிருக்கிற புடவை அச்சு இல்ல, நிஜமான சிவப்பு வெல்வெட் துணி. கரையில ஜரிகை. நகை இருக்கிற இடத்துல எல்லாம் பாசிமணியும் சம்கியும். முகம், கை, பாதம் மட்டும் அச்சுத்தாள். எங்க வீட்ல அதுக்குப் பேரே "துணி தச்ச படம்".

வியாபாரி ரெண்டாவது தடவை வந்தப்ப, "இது ரவிவர்மா, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும், இதுக்குத் தனி ரேட்டு"ன்னு சொல்லிட்டுப் போனார். மாமாவுக்குக் கட்டட வேலைக்குப் பணம் தேவை. என்னைப் பார்த்து, "நீதான் இஞ்சினியராச்சே, பாத்துச் சொல்லும்மா"ன்னார்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? கண்ணாடியைக் கழட்டினேன். தூசியா இருக்கேன்னு வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு, புடவை மேல ஒரு இழுப்பு இழுத்தேன். சம்கி எல்லாம் கொழகொழன்னு ஆகி, சுருண்டு, பச்சைச் சாயத்தோட துணியில ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. எண்ணிப் பார்த்தேன், 23. எழுபது வருஷம் தாங்கின சம்கியை நான் பத்து செகண்ட்ல கரைச்சுட்டேன்.

அம்மாச்சி திட்டல. "விடு கண்ணு, தெரியாமத்தானே பண்ண"ன்னு சொன்னாங்க. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் இதெல்லாம் என்ன பொருள், எப்படிச் செஞ்சாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன்.

விளம்பரத்தில் இருந்து ஊசிக்கு

மேலைநாடுகள்ல க்ரூயல்னு ஒரு எம்ப்ராய்டரி உண்டு. கொடுமைன்னு அர்த்தம் வர்ற வார்த்தை இல்ல, ஸ்பெல்லிங் வேற. லினன் துணியில கம்பளி நூலால தைக்கிறது. இங்கிலாந்தை நார்மன்கள் பிடிச்ச கதையைச் சொல்ற, 11-ம் நூற்றாண்டு பேயூ துணிச் சித்திரம் கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். அதுவும் லினன் மேல கம்பளி நூல் வேலைதான். நம்ம பக்கம் காஷ்மீர் திரைச்சீலைகள்ல இதே வேலையைப் பார்க்கலாம். 1960, 70-கள்ல அமெரிக்காவுல இது பெரிய பொழுதுபோக்கா இருந்துச்சு. படம் அச்சடிச்ச துணி, கம்பளி நூல், ஊசி எல்லாம் ஒரே பெட்டியில வரும். எரிக்கா வில்சன்னு ஒரு அம்மா 1971-ல டி.வி-யிலயே சொல்லிக் கொடுத்தாங்க. பழைய விளம்பரப் படங்களைப் பார்த்துத் தைச்சு ஃப்ரேம் போட்டதையும் இன்னிக்குத் தேடித் தேடிச் சேர்க்கிறவங்க இருக்காங்க.

நம்ம ஊர்ல அதே விஷயம் வேற வழியில நடந்துச்சு. அங்க விளம்பரத்தைப் பார்த்துத் துணியில தைச்சாங்க. இங்க விளம்பரத்தாள் மேலயே துணியை வெச்சுத் தைச்சாங்க. விக்கிறதுக்காக ஆயிரக்கணக்குல அச்சான ஒரு படத்தை, வீட்ல இருந்த ஒருத்தர் ஊசி ஓட்டித் தன்னோடதா ஆக்கிக்கிட்டார். ரெண்டு இடத்துலயும் நடந்தது இதுதான்.

கும்பகோணத்துக்காரர் சொன்ன யோசனை

இந்தக் கதையில நம்ம டெல்டாவுக்கும் பங்கு இருக்கு. திருவிதாங்கூர்லயும் அப்புறம் பரோடாவுலயும் திவானா இருந்த சர் டி. மாதவராவ் 1828-ல கும்பகோணத்துல பிறந்தவர். ரவிவர்மா (1848–1906) படங்களுக்கு நாடு முழுக்கக் கேட்பு இருக்கு, ஒரு ஆள் எத்தனை வரைய முடியும், நல்ல படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப் போட்டா எல்லாருக்கும் கிடைக்குமேன்னு 1884-ல அவர்தான் ரவிவர்மாவுக்கு எழுதினார். பத்து வருஷம் கழிச்சு, 1894-ல, ரவிவர்மா பம்பாயில சொந்தமாவே அச்சகம் ஆரம்பிச்சார். மெஷினும் ஜெர்மனி, ஓட்டத் தெரிஞ்சவங்களும் ஜெர்மனி. அப்புறம் அச்சகம் லோணாவ்ளா பக்கத்துல மளவலிக்கு மாறிச்சு. 1900-களோட தொடக்கத்துல அதை ஜெர்மன் டெக்னீஷியன் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கே வித்துட்டாங்க.

அரண்மனையில தொங்கின லட்சுமியும் சரஸ்வதியும் இப்படித்தான் குடிசை வரைக்கும் வந்தாங்க. பின்னாடியே கம்பெனிகளும் வந்துச்சு. மான்செஸ்டர் துணி மில்கள் பீஸ் துணி மேல சாமி படம் போட்ட லேபிள் ஒட்டி அனுப்பினாங்க. வுட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் குழந்தைக் கிருஷ்ணனை வெச்சுக் காலண்டர் போட்டுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். சோப்பு விளம்பரத்தை மாசம் முடிஞ்சதும் கிழிச்சுப் போடுவாங்க, சாமி படத்தைக் கிழிக்க மாட்டாங்க. கம்பெனி பேர் வருஷக்கணக்கா சுவர்லயே இருக்கும். இன்னிக்கு மார்க்கெட்டிங் எலெக்டிவ்ல "பிராண்ட் ரீகால்"னு ரெண்டு மார்க்குக்கு எழுதுறோமே, அதேதான்.

பிற்பாடு நம்ம தமிழ்நாட்லயே இந்தக் காலண்டர் கலை வளர்ந்துச்சு. கோவில்பட்டியில சி. கொண்டையராஜு (1898–1976), அவரோட சிஷ்யர்கள் வரைஞ்ச முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியா வீடு வீடா போச்சு. கீழ்ப்பட்டையை மட்டும் காலியா விட்டு அடிச்சிருப்பாங்க. மளிகைக்கடையோ ஜவுளிக்கடையோ, யார் வாங்குறாங்களோ அவங்க பேர் அதுல ஏறும்.

சரி, அதுல ஏன் துணி தைக்கணும்? தஞ்சாவூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்ம தஞ்சாவூர் ஓவியத்துல பலகை மேல துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதிப்பாங்க. சாமின்னா மினுங்கணும், தொட்டா மேடா தெரியணும்னு பழகின கை நம்ம கை. தங்க ரேக்குக்கு வசதி இல்லாத வீட்ல வெல்வெட்டும் சம்கியும் அந்த வேலையைச் செஞ்சது. செட்டிநாட்டு வீடுகள்லயும் இந்த மாதிரிப் படங்கள் நிறைய. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகள்ல இன்னிக்கும் பார்க்கலாம்.

அடுக்கு அடுக்கா பார்ப்போம்

ஒரு துணி தைத்த படத்தை மெஷின் மாதிரி பிரிச்சு யோசிங்க. கையால இல்ல, மனசால. மேல இருந்து கீழ நாலு அடுக்கு.

அடுக்கு 1: சம்கி. பழைய சம்கியில முக்கியமா மூணு வகை. முதல்ல உலோகம். கம்பியை வளையமா வெட்டித் தட்டையா அடிச்சது. லென்ஸ்ல பார்த்தா ஓரத்துல இருந்து நடு ஓட்டை வரைக்கும் ஒரு கீறல் தெரியும். அடுத்தது ஜெலட்டின், 1920, 30-கள்ல பரவினது. எடை இல்ல, நல்லா மின்னும், ஆனா வெந்நீர் பட்டா கரையும், சூட்டுல உருகும். நான் கரைச்சது இதைத்தான். நாம சாப்பிடுற ஜெல்லியும் இதுவும் ஒரே பொருள். கடைசியா வந்தது பிளாஸ்டிக், தண்ணியில ஒண்ணும் ஆகாது. எது எதுன்னு உங்களுக்குத் தெரியாத வரைக்கும் எல்லாத்தையும் ஜெலட்டின்னே நினைச்சுக்கோங்க. தண்ணி கிட்டயே போகாதீங்க.

அடுக்கு 2: ஜரிகை. நிஜ ஜரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளி இழையைச் சுத்தி, அதுக்குத் தங்க முலாம் கொடுத்தது. முலாம் தேய்ஞ்ச இடத்துல வெள்ளி காத்துல இருக்கிற கந்தகச் சேர்மங்களோட சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகும், கறுத்துப் போகும். செம்பு ஜரிகையா இருந்தா பச்சை பூக்கும். பளபளன்னு புதுசாவே இருந்தா அது பெரும்பாலும் பாலியெஸ்டர் ஃபிலிம். அதனால படம் பழசு, ஜரிகை மட்டும் நேத்து வாங்கின மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. பழைய அச்சுல புதுசா துணி தைச்சு விக்கிறதும் நடக்கிற விஷயம்தான். ஒண்ணு முக்கியம், கறுத்த ஜரிகையை விபூதி, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீங்க. மிச்ச முலாமும் போயிடும்.

அடுக்கு 3: துணி. தானா உதிர்ந்து கண்ணாடிக்குள்ள கிடக்கிற இழை ஏதாவது இருந்தா மட்டும் எடுத்து இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. முடி கருகின வாசனை வந்தா பட்டு. காகிதம் எரிஞ்ச வாசனைன்னா பருத்தி இல்லன்னா ரேயான். உருகிக் குட்டி உருண்டையா ஆனா பாலியெஸ்டர். படத்துல இருந்து ஒரு நூல்கூடப் பிடுங்கக் கூடாது. துணிக்கு அடியில பஞ்சு வெச்சு உப்ப வெச்சிருப்பாங்க, மைதாப் பசை போட்டிருப்பாங்க. அந்தப் பசைதான் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

அடுக்கு 4: அச்சு. இதுதான் சுவாரசியமான இடம். ஓலியோகிராஃப் கல்லச்சு முறையில செய்றது. சுண்ணாம்புக் கல்லுல எண்ணெய்ப் பசை உள்ள மையால வரைஞ்சா, வரைஞ்ச இடம் அச்சு மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். எல்லாத்தையும் ஒரே இடத்துல பொருத்தி, ஒண்ணு மேல ஒண்ணா அடிக்கணும். கடைசியா வார்னிஷ் பூசி, கேன்வாஸ் மாதிரி தெரிய சொரசொரப்பா அழுத்துவாங்க. இதுல முகத்தோட நிழல் எல்லாம் கையால வெச்ச புள்ளிகள். லென்ஸ்ல பார்த்தா மணல் தூவின மாதிரி ஒழுங்கில்லாம இருக்கும். பிற்கால ஹாஃப்டோன் அச்சுல புள்ளிகள் வரிசையா, அளவெடுத்த மாதிரி, நாலு நிறமும் சேர்ந்து சின்னப் பூ மாதிரி வட்டமா நிக்கும். நகை வேலை செய்றவங்க வெச்சிருக்கிற 10 மடங்கு லென்ஸ் போதும். அதுவும் இல்லன்னா போன்ல மேக்ரோ மோடு.

ரவிவர்மா அச்சகப் படமா இருந்தா கீழ ஓரத்துல இங்கிலீஷ்ல அச்சகத்தோட பேரும் மளவலி, கார்லா, லோணாவ்ளா மாதிரி ஊர் பேரும் சின்ன எழுத்துல இருக்கும். ஆனா சட்டம் போட்டப்ப அந்த ஓரத்தை வெட்டியிருக்கலாம். பேர் இல்லைன்னா போலின்னு அர்த்தம் இல்ல. பேர் இருந்தா ஒரிஜினல்னும் அர்த்தம் இல்ல. புள்ளியைப் பாருங்க.

இன்னொரு டிப்ஸ்: படத்தோட பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்க. பலகையில பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தா, அந்தத் தேதிக்கு முன்னாடி அந்தச் சட்டம் போட்டிருக்க வாய்ப்பில்லை. சட்டக்கடை லேபிள் இருந்தா ஊர் தெரியும்.

எங்க லட்சுமியின் ரிசல்ட்

அம்மாச்சிகிட்டக் கெஞ்சி, படத்தைப் பழைய பட்டுப்புடவையில சுத்தி காலேஜ் கொண்டுவந்தேன். மெட்டீரியல்ஸ் லேப் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வெச்சுப் பார்த்தேன். லேப் அண்ணா முதல்ல, "இதுல என்னம்மா டென்சைல் டெஸ்ட் பண்ணப் போற?"ன்னு கலாய்ச்சார். அப்புறம் அவரே ரெண்டு மணி நேரம் கூட உட்கார்ந்து பார்த்தார்.

லட்சுமி முகத்துல புள்ளிகள் வரிசையா, பூப்பூவா நின்னுச்சு. ஹாஃப்டோன். அதாவது எங்க படம் நூறு வருஷ ரவிவர்மா ஓலியோகிராஃப் இல்ல. அவர் லட்சுமியைப் பார்த்து யாரோ வரைஞ்ச, பின்னாடி வந்த ஒரு காலண்டர் படம். ஜரிகை சில இடத்துல பச்சை பூத்திருந்துச்சு, செம்பு. சம்கி ஜெலட்டின்னு நானே நிரூபிச்சுட்டேனே.

மாமாகிட்ட போன்ல சொன்னேன். "அப்ப அதுக்கு ஒண்ணும் பெரிசா வராதா?"ன்னார். வராது மாமான்னேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல.

இன்னொண்ணும் கவனிச்சேன். படத்தோட நாலு பக்கமும் வெல்வெட் பார்டர் வெச்சுத் தைச்சிருந்துச்சு. மூணு பக்கம் ரெண்டு விரல் அகலம், கீழ மட்டும் நாலு விரல். ஏன் கீழ மட்டும் அகலம்? அங்க ஒரு இடத்துல நூல் ஏற்கெனவே விட்டிருந்ததால டார்ச் அடிச்சு உள்ள பார்த்தேன். அச்செழுத்து! ஒரு ஜவுளிக்கடையோட பேர், பாதி பூச்சி தின்னது. பக்கத்துல "கும்பகோணம்". அதுக்கும் கீழ தேதித்தாள் கட்டியிருந்த ரெண்டு பின் ஓட்டை. விளம்பரத்தை யாரோ வேணும்னே மூடியிருக்காங்க.

"அது அண்ணி தச்சது"

தீபாவளி லீவுக்குப் போனப்ப அம்மாச்சிகிட்டக் கேட்டேன். அவங்களுக்கு 84 வயசு. அந்தப் படத்தைப் பத்தி அதுவரைக்கும் யாரும் அவங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லையாம்.

"அது எங்க அண்ணி தச்சது. உங்க தாத்தாவோட அக்கா. பதினெட்டு வயசுல வெள்ளைச் சீலையோட பொறந்த வீட்டுக்கு வந்துட்டாங்க. நான் கல்யாணமாகி வரும்போதே படம் அங்கதான் மாட்டியிருந்துச்சு. கடையில துணி எடுத்தப்ப கொடுத்த காலண்டராம். வருஷம் முடிஞ்சதும் தூக்கிப் போட இருந்தாங்களாம். இவங்க எடுத்து வெச்சுக்கிட்டாங்க."

வெல்வெட் ஏது அம்மாச்சி?

"அவங்க கல்யாணத்துக்குத் தச்ச ரவிக்கை. பிரிச்சுட்டாங்க. ஜரிகையும் அதுல இருந்ததுதான். சம்கி மட்டும் கும்பகோணத்துல வாங்கினதா சொல்லுவாங்க. அவங்கதான் கலர் உடுத்தக் கூடாதே. அம்மனுக்காவது உடுத்துவோம்னு."

கடை பேரை ஏன் மறைச்சாங்கன்னு கேட்டேன். அம்மாச்சி சிரிச்சாங்க. "விளக்கேத்திக் கும்பிடுற எடத்துல கடைக்காரன் பேரு எதுக்குடி?"

எனக்குப் பதில் வரல. லேப்ல ரெண்டு நாள் பார்த்தும் மைக்ரோஸ்கோப் சொல்லாததை அம்மாச்சி அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டாங்க. ஹாஃப்டோன், செம்பு, ஜெலட்டின், நான் கண்டுபிடிச்சது எல்லாமே சரிதான். ஆனா அந்தச் சிவப்பு யாரோட சிவப்புன்னு எந்த டெஸ்ட்லயும் வராது. மாமாவும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். மறுநாள் அவரே, "புது வீட்ல சாமி ரூம் கொஞ்சம் பெருசா வைக்கச் சொல்லியிருக்கேன்"ன்னார். விக்கிறதைப் பத்தி அதுக்கப்புறம் பேச்சே இல்ல.

ஆனா போன ஒன்பது படம்? அதுல ரெண்டுல துணி வேலை இருந்ததா அம்மாச்சி சொல்றாங்க. வியாபாரியைத் தேடிப் போய்க் கேட்டேன். கை மாறிப் போயிடுச்சும்மான்னார். அதை யார் தைச்சாங்கன்னு அம்மாச்சிக்கும் ஞாபகம் இல்ல. இப்ப அது எங்கயோ ஒரு ரிசார்ட் வரவேற்பறையில "ஆன்டிக்"னு தொங்கிட்டு இருக்கலாம்.

யோசிச்சுப் பாருங்க. இந்த மாதிரிப் படத்துல ஓவியர் பேர் இருக்கு, அச்சகம் பேர் இருக்கு, கம்பெனி பேர் இருக்கு. ரவிவர்மா அச்சுகளைப் பத்தி பெங்களூர் வழக்கறிஞர் கணேஷ் சிவஸ்வாமி பல தொகுதிகள் எழுதியிருக்கார். பெங்களூர்லயே ராஜா ரவிவர்மா ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் இருக்கு. தஸ்வீர் கர் இணையத் தொகுப்புல பழைய காலண்டர் விளம்பரங்களை ஓசியிலயே பார்க்கலாம். அச்சைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சுக்க முடியுது. அதுல தைச்ச கையோட பேர் மட்டும் எங்கயும் அச்சாகல. அது நம்ம வீட்டுப் பெரியவங்க ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. அவங்க போனா அதுவும் போச்சு. அதனால இந்த மாதிரிப் படம் சேர்க்கிறதுன்னா முதல்ல அந்தப் பேரைச் சேர்க்கணும், படம் அதுக்கப்புறம்தான்னு நான் நினைக்கிறேன்.

படத்தை எப்படிக் காப்பாத்துறது?

நம்ம டெல்டாவுல ஐப்பசி, கார்த்திகை மழையில சுவரே வேர்க்கும். அதை மனசுல வெச்சு:

1. மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவர்ல மாட்டாதீங்க. படத்துக்கும் சுவருக்கும் நடுவுல காத்து போக கார்க் துண்டு வையுங்க.

2. கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. சட்டத்துக்குள்ள சின்ன மரத்துண்டு வெச்சு இடைவெளி விடச் சொல்லுங்க.

3. பின்னாடி இருக்கிற பழைய பலகையில அமிலம் ஊறும், காகிதத்துல பழுப்புக் கோடு விழும். இரும்பு ஆணி துருப்பிடிக்கும். அமிலம் இல்லாத அட்டை வெச்சு மாத்துங்க. ஆனா பழைய பலகையில எழுத்தோ செய்தித்தாளோ இருந்தா ஃபோட்டோ எடுத்து, பலகையையும் தனியா எடுத்து வையுங்க.

4. துணி, காகிதம் ரெண்டுக்கும் மியூசியங்கள்ல 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதிப்பாங்க. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் போகும். போன்லயே லக்ஸ் மீட்டர் ஆப் இருக்கு, அளந்து பாருங்க.

5. பூச்சிக்கு நம்ம சரஸ்வதி மகால் நூலகத்துப் பழைய முறை இருக்கு. வசம்பு, கருஞ்சீரகம், லவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு பொடி பண்ணி, கொஞ்சம் கற்பூரம் சேர்த்துத் துணிப் பொட்டலமா கட்டி வைப்பாங்க. அதைப் படத்து மேல இல்லாம, பக்கத்துல வையுங்க.

6. தூசிக்கு மென்மையான காய்ஞ்ச பிரஷ் மட்டும். தண்ணி வேண்டாம். இதை ஏன் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்.

7. லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க.

வாங்குறவங்களுக்கு ஒரு சட்ட விஷயமும்: 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தொல்பொருள் சட்டம், 1972 படி நம்ம இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரவிவர்மாவோட ஓவியங்களை 1979-ல தேசியக் கலைச் செல்வமா அறிவிச்சிருக்காங்க. யாராவது "பார்சல் பண்ணிடலாம்"னு சொன்னா யோசிங்க.

பொங்கல் லீவு அசைன்மெண்ட்

ஊருக்குப் போனதும் கூடத்துல, பரண்ல, சாமி ரூம்ல பாருங்க. துணி தைத்த படம் மட்டுமில்ல, பாசிமணிக் கிளி, உல்லன் நூல்ல தைச்ச ரோஜா, "வெல்கம்"னு தைச்ச சட்டம், எதுவா இருந்தாலும் சரி. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி வெச்சு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ஃபோட்டோ எடுங்க. மேடு பள்ளமெல்லாம் தெரியும். அப்புறம் வீட்ல இருக்கிற வயசானவங்க பக்கத்துல உட்கார்ந்து அஞ்சு கேள்வி கேளுங்க. இது யார் தைச்சது? அப்ப அவங்களுக்கு என்ன வயசு? துணியும் நூலும் எங்க இருந்து வந்துச்சு? படம் எந்தக் கடையில இருந்து வந்துச்சு? எதுக்காகத் தைச்சாங்க? போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க.

எங்க லட்சுமி இப்ப புது கார்டுபோர்டு, புது இடைவெளியோட பழைய சட்டத்துலயே இருக்கா. 23 சம்கி போன இடத்துல புதுசு வைக்கலாமான்னு கேட்டேன். அம்மாச்சி வேணாம்னுட்டாங்க. பின்பக்க அட்டையில அந்தப் பாட்டியோட பேரை பென்சில்ல எழுதியிருக்கேன். இங்க போட வேணாம்னு வீட்ல சொன்னாங்க, அதனால போடல. பேருக்குக் கீழ "கல்யாண ரவிக்கையைப் பிரித்துத் தைத்தது"ன்னு ஒரு வரி. அதுக்கும் கீழ, நான் பண்ணினதையும் எழுதிட்டேன்: "சம்கி 23, பேத்தி தெரியாமல் கரைத்தது."